தொப்பி போட்ட அலாரம்

அத்தியாயம் 6

முதல் குத்து ஷம்பேயின் காதோரம் விழுந்தது. இரண்டாவது குத்து விழுவதற்குள் அவன் தோளில் இருந்த ஏணி விழுந்தது. அதுவும் குத்தியவன் கால் மேலேயே.

"ஆ!" என்று அலறி ஒற்றைக்காலில் குதித்தான் முந்திர். செத்துப்போன அத்தர் வியாபாரி ஹமூதின் அண்ணன் மகன். ஆறடி உயரம், தூக்கம் இல்லாமல் சிவந்த கண், கையெல்லாம் சிராய்ப்பு. வலி அடங்கியதும் ஷம்பேயின் சட்டைக் காலரைப் பிடித்து வீட்டு வாசல் சுவரோடு சேர்த்து மோதினான்.

"இந்த அலாரம் கம்பெனி நீலச் சட்டைய மறுபடி இந்த வாசல்ல பாத்தா கொன்னு போட்டுருவேன்னு சொன்னேனா இல்லையா?"

"சட்டை என்னப்பா பண்ணுச்சு? கழட்டிக் குடுத்துடறேன், அதையே அடி" என்றான் ஷம்பே. வாயில் ரத்தம் வந்தாலும் வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

அடுத்த குத்துக்கு ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஸுவைனா அதன் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கியிருந்தாள். கறுப்பு அபாயா அங்கி அணிந்த, முந்திரின் மார்பளவு உயரம்கூட இல்லாத பெண். பல வருஷம் போலீசில் இருந்துவிட்டு இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிகிறாள். முறுக்கும் கலையை மட்டும் வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை.

"முந்திர், ஏற்கெனவே ஒருத்தன் தாடைய உடைச்சாச்சு. அது போதும். கதவைத் திற."

ஷம்பே சுவரைப் பிடித்துக்கொண்டு துப்பினான். அவனுக்குத் தன் காதைப் பற்றிக் கவலை இல்லை. தம்பி தில்முராத்தைப் பற்றித்தான் கவலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மஸ்கட்டின் அல் கூத் பகுதியில் இருக்கும் இந்த வீட்டின் மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகளை உட்காரவைக்கும் கூடத்தில், யாரோ ஹமூதை மண்டையில் அடித்துக் கொன்றார்கள். அடித்தது காப்பிக்கொட்டை இடிக்கும் பித்தளை உலக்கையால். அடித்துவிட்டு அறைக்குத் தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். திருடனுக்கும் தீக்கும் சேர்த்து அலாரம் மாட்டிய வீடு அது. அலாரம் அடிக்கவே இல்லை என்று தெருவே சத்தியம் செய்தது. அன்று காலையில்தான் தில்முராத் வந்து அந்த அலாரத்தைப் பழுது பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

போனவன் போனபடி இருந்திருக்கலாம். மறந்துவிட்ட டிரில்லிங் மெஷினை எடுக்கச் சாயங்காலம் திரும்பி வந்தான். எரிகிற வீட்டு வாசலில் முந்திரும் அவன் சிநேகிதர்களும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தாடை உடைந்தது, விலா உடைந்தது. இப்போது பல்லைக் கம்பியால் கட்டி, கையை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். அலாரத்தைக் கெடுத்துவிட்டுத் திருட வந்தான், தடுத்தவரைக் கொன்றான் என்பது போலீஸ் கட்டிய கதை. இன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவனை அரசு வழக்கறிஞர் முன்னால் கொண்டுபோவார்கள். கொலைக் குற்றம் உறுதியானால் இந்த நாட்டில் துப்பாக்கிக் குண்டுதான். அதற்குள் வேறு ஒரு ஆளைக் காட்டியாக வேண்டும்.

தான் வேலை பார்க்கும் அலாரம் கம்பெனியில் தம்பியைச் சேர்த்துவிட்டதே ஷம்பேதான். அந்த நினைப்பு அவனை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

மஜ்லிஸ் கரிக்கிடங்கு மாதிரி இருந்தது. மேல்பாதிச் சுவர் முழுக்கக் கறுப்பு. கீழ்ப்பாதி மட்டும் தீ தொடாமல் தப்பியிருந்தது. பாதி எரிந்த கம்பளத்தில் ஹமூத் விழுந்து கிடந்த இடம் மட்டும் எரியவில்லை. அந்த இடத்தில் ரத்தம் காய்ந்து பலகை மாதிரி விறைத்திருந்தது. அத்தர் வாசனையும் கருகல் வாசனையும் கலந்து அடித்தது.

"இங்கதான் எப்பவும் உக்காருவாரு சித்தப்பா" என்றான் முந்திர். குரலில் இப்போது முரட்டுத்தனம் இல்லை. "நான் வந்தப்ப அவரு மூஞ்சியே... அடையாளம் தெரியல."

அவர் சாய்ந்திருந்த திண்டுக்குப் பக்கத்தில், சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது.

"பேனிக் பட்டன்" என்றான் ஷம்பே. "வேற எந்தக் கம்பெனிக்காரனா இருந்தாலும் நிக்கிறவன் கைக்கு எட்டற மாதிரி வெச்சிருப்பான். இங்க வீட்டுக்காரர் தரையில உக்காருவாரு, உக்காந்த ஆளுக்குத்தான் ஆபத்து வரும்னு யோசிச்சுக் கீழ வெச்சிருக்கான் என் தம்பி. இவனாம் கொலைகாரன்."

"ஆனா சித்தப்பா அதை அமுக்கலையே" என்றான் முந்திர்.

"பின்னால இருந்து அடிச்சிருக்காங்க. தெரிஞ்ச ஆளுக்குத்தான் நம்ம முதுகைக் காட்டுவோம்" என்றாள் ஸுவைனா. "கதவை உடைச்சு உள்ள வந்தவன் இல்ல. காப்பி குடிக்க உக்காந்தவன். வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்ட ஆளைப் பாத்து எந்தத் திருட்டு அலாரமும் குரைக்காது. நீ எங்க இருந்தே அப்போ?"

"பர்க்காவுல. காளைச் சண்டை பாக்கப் போயிருந்தேன். போலீஸ்ல சொல்லிட்டேன்."

"சண்டை பாத்துட்டு வந்த சூடு என் தம்பி மேல இறங்கிடுச்சு" என்றான் ஷம்பே.

முந்திர் முஷ்டியை இறுக்கினான். ஸுவைனா ஒரு பார்வை பார்த்தாள். இருவரும் அடங்கினார்கள்.

ஷம்பே ஏணியை விரித்து மேலே ஏறினான். கூரையின் நடுவில், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்த அலாரத்தின் சென்சார் கரி பிடித்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்தார்கள், போலீஸ் தரையைப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தது. ஒருத்தரும் தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை. ஷம்பே கரியைச் சுரண்டினான். சுற்றிலும் ஏதோ உருகி வழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் ரோஜாப்பூ படம் மட்டும் எரியாமல் மிச்சம் இருந்தது.

"மேடம், அலாரத்துக்குத் தொப்பி போட்டிருக்காங்க. பொம்பளைங்க குளிக்கிறப்ப தலைக்கு மாட்டற பிளாஸ்டிக் தொப்பி. முழுக்குப் போடப் போயிருக்கும் போல."

"அது சாம்பிராணித் தொப்பி" என்றான் முந்திர். "வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் வீடு முழுக்க சாம்பிராணி காட்டுவோம். உடனே அந்தப் புகை சென்சார் ஊரைக் கூட்டும். கத்தினதும் சித்தப்பா பிரம்பு நுனியில தொப்பிய மாட்டி அது மூஞ்சிய மூடிடுவாரு. முடிஞ்சதும் எடுத்துக் கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கவிடுவாரு. ஊர்ல பாதி வீட்டுல இப்படித்தானே?"

"அப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டான் ஷம்பே. "நாங்க உசிரைக் குடுத்து மாட்டுவோம், இவங்க சாக்ஸ், பை, தொப்பின்னு எதையாவது போட்டு மூடுவாங்க. மட சாம்பிராணிங்க."

ஸுவைனாவின் முகம் மலர்ந்தது. "அப்போ அலாரம் அடிக்காததுக்குத் தொப்பிதான் காரணம். தில்முராத் எதையும் கெடுக்கல."

ஷம்பேக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசானது. கிண்ணத்தைத் திருகிக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். லேசான நெஞ்சு மறுபடி கனத்தது.

"சந்தோஷப்படாதீங்க மேடம். இது புகை சென்சாரே இல்ல. சூடு சென்சார்."

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?"

"பாக்கறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேற. அது புகைய மோந்து பாக்கும். இது புகையக் கண்டுக்கவே கண்டுக்காது. அறை கொதிச்சாத்தான் கத்தும். சாம்பிராணி வீட்டுக்கு இதுதான் சரின்னு தம்பி மாத்தியிருக்கான். இதுக்குத் தொப்பி போட்டாலும் பிரயோஜனம் இல்ல. தீ வந்தா பிளாஸ்டிக் வெண்ணெய் மாதிரி உருகிடும், அடுத்த நிமிஷம் இது கத்தியாகணும்."

"ஆமா, வெள்ளிக்கிழமை காலைலதான் மாத்தினான்" என்றான் முந்திர். "நான்தான் ஏணியப் பிடிச்சுக்கிட்டேன். சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரல. தூபக்கால்ல கை நிறைய சாம்பிராணி போட்டு, அதுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாரு. கத்தல. சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாரு." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஸுவைனா கதவுக்குப் பின்னால் போய், வெறும் ஆணியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஷம்பே, இது நிஜமாவே கத்துச்சான்னு பாரு" என்றாள்.

நடைபாதைச் சுவரில் இருந்த பேனலைத் திறந்தான் ஷம்பே. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பேட்டரிக்கு உயிர் இருந்தது. ஒவ்வொரு கம்பியாக மீட்டர் முனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். மொட்டைமாடி சைரனுக்குப் போகும் கம்பி மட்டும் மஜ்லிஸ் கூரை வழியாகப் போய், பாதியில் கருகி அறுந்திருந்தது.

"கத்தியிருக்கு மேடம். தீ கம்பியத் தின்கிற வரைக்கும் கத்தியிருக்கு. தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள ஊமையாயிருக்கும்."

"தெரு கேக்கலைன்னு சொல்லுதே?"

"அப்போ தெருவோட காதை டாக்டர் பாக்கணும். இல்லைன்னா வாய நாம பாக்கணும்."

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் மோஸா, பேரீச்சம்பழத்தையும் காப்பியையும் முன்னால் வைத்துவிட்டு, கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள்.

"அலாரம் எதுவும் அடிக்கல. போலீஸ்லயும் அதான் சொன்னேன்."

ஸுவைனா காப்பியை எடுத்துக்கொண்டாள். ஷம்பே எடுக்கவில்லை.

"டீச்சர், என் தம்பிக்கு இப்போ சாப்பாடு ஸ்ட்ராவுலதான். பல்லுக்கு நடுவுல சொருகி உறிஞ்சறான். அதுவும் இன்னிக்கு மட்டும்தான். நாளைக்கு ஜெயில்ல ஸ்ட்ரா குடுப்பாங்களான்னு தெரியல." எப்போதும் சிரித்துப் பேசுகிறவன் குரல் உடைந்துவிட்டது. "கத்துச்சு டீச்சர். நான் கம்பியப் பாத்துட்டு வர்றேன். பழைய சைரன் வீல் வீல்னு கத்தும், உங்களுக்குத் தெரியும். அதை நீங்க கேக்கலையா?"

"வீல்னு இல்லப்பா" என்றாள் மோஸா தன்னை அறியாமல். "ஆட்டுக் கழுத்தைப் பிடிச்ச மாதிரி..."

சொன்ன பிறகுதான் அவளுக்கு என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கையில் இருந்த காப்பிக் கோப்பை சரிந்து மடியில் கொட்டியது. ஷம்பே தலையில் கை வைத்துக்கொண்டான். தம்பி சைரனையும் புதிதாக மாட்டியிருக்கிறான். புது சைரன் ஆடு மாதிரிதான் கத்தும்.

மோஸா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சு. தெரு முழுக்கக் கேட்டுச்சு. வெள்ளிக்கிழமையாச்சே, சத்தம் வேற மாதிரி இருந்தாலும் ஹமூத் வீட்டு சாம்பிராணின்னு நெனச்சோம். வாராவாரம் அது கத்தும், வாராவாரம் ஒண்ணும் இருக்காது. நான்... நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன். ஒரு மனுஷன் அங்க எரிஞ்சுகிட்டு இருந்தாரு, நான் சத்தத்தைக் கூட்டி வெச்சேன்."

"போலீஸ்ல ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்றாள் ஸுவைனா.

"நாங்களா சொல்லல. முதல்ல கல்ஃபான்தான் சொன்னாரு, அலாரமே அடிக்கலைன்னு. ஹமூதோட கடைப் பார்ட்னர். தீயப் பாத்து ஓடிவந்து கதவை உடைச்சவரு அவருதான். அவரே அப்படிச் சொன்னதும் எங்களுக்கு... அதையே பிடிச்சுக்கிட்டோம். கேட்டும் வரலைன்னு சொல்ல எந்த மூஞ்சி இருக்கு?"

ஷம்பேக்கு அந்த வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் உடைக்க வேண்டும் போல இருந்தது. ஒருவர் சொன்ன பொய்யின் நிழலில் ஒரு தெருவே ஒதுங்கிக்கொண்டது, வெயிலில் நின்றது அவன் தம்பி.

வெளியே வந்ததும் ஸுவைனா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. முந்திரிடம் காரை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கையோடு அழைத்துவரச் சொன்னாள். முந்திர் ஷம்பேயின் முகத்தைப் பார்க்காமல், "உன் தம்பிய... நான்..." என்று இழுத்தான்.

"அப்புறம் பேசிக்கலாம். முதல்ல வண்டிய எடு" என்றான் ஷம்பே. அவன் போனதும், "போதும்ல மேடம்? டீச்சர் சொன்னா தம்பிய விட்டுடுவாங்கல்ல?"

"பாதிதான். அலாரத்தைக் கெடுக்கலைன்னு ஆகும். கொல்லலைன்னு ஆகாது. போலீசுக்குக் கையில ஒரு ஆள் வேணும். அந்த ஆளைத்தான் கூப்பிடப் போறேன். நீ சைரனுக்குப் புதுக் கம்பி இழு. சோதிக்கிறேன்னு கத்தவிடாத, துக்க வீடு."

ஷம்பே பேனலில் இருந்து ஜன்னல் வழியாக மாடிக்குப் புதுக் கம்பி இழுத்தான். பேனிக் பட்டனின் கரியைத் துடைத்து, அதன் முனையையும் பார்த்து இறுக்கினான். முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மறுபடி மஜ்லிஸில் ஏணி மேல் ஏறி, அறுந்த கம்பி முனைகளை நறுக்கிக்கொண்டிருந்தபோது கல்ஃபான் வந்தார்.

வலது கையில் தீக்காயக் கட்டு. இடது கையில் துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சமைத்த இறைச்சிச் சோறு, மூடிய பாத்திரத்தில். நரைத்த தாடி, இஸ்திரி கலையாத வெள்ளை அங்கி, இதமான குரல்.

ஷம்பே மேலே இருந்தபடியே மரியாதையாகச் சலாம் சொன்னான். அவரை அவனுக்குப் பிடிக்கும். அன்று வாசலில் தம்பியைப் போட்டு மிதித்தபோது, "விடுங்கடா, செத்துடுவான்" என்று முந்திரை இழுத்துத் தள்ளியவர் இவர்தான். இவர் இல்லாவிட்டால் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டான், கபறுக் குழிக்குப் போயிருப்பான்.

"பசியோட வேலை செய்யாதீங்க. முதல்ல சாப்பிடுங்க" என்றார் கல்ஃபான். "என்ன, அந்தச் சனியனைக் கழட்டறீங்களா?"

"சனியன்னா என்னைச் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றான் ஷம்பே. "எங்க பலூச்சி மொழியில ஷம்பேன்னா சனிக்கிழமை."

கல்ஃபான் சிரித்தார். "அது என்ன பாடு படுத்தும் தெரியுமா? தூபக்கால் உள்ள வந்தாலே கத்தும். பாவம் ஹமூத், தொப்பியப் போட்டுட்டு எடுக்க மறந்திருப்பாரு."

"தொப்பி இருந்துச்சுன்னு யார் சொன்னா?" என்றாள் ஸுவைனா.

"யார் சொல்லணும்? வருஷக்கணக்கா பாக்கறேனே. எப்பவும் போடறதுதானே."

பதில் கச்சிதமாக இருந்தது. ஷம்பேக்கு ஸுவைனா மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. போயும் போயும் இவரையா?

"எப்பவும் போடறதுதான்" என்று ஒப்புக்கொண்டாள் ஸுவைனா. "கடைசியா இந்த வீட்டுக்கு எப்போ வந்தீங்க?"

"ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்கு இந்தப் பக்கமா வண்டியில போனேன், புகையப் பாத்தேன், ஓடிவந்தேன்."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயம் இல்ல. அது இப்போ புகை சென்சார் இல்ல. வெள்ளிக்கிழமை காலைல மாத்தியாச்சு. எத்தனை சாம்பிராணி போட்டாலும் கத்தாது. ஹமூதுக்குத் தெரியும், அவரே நேரா காட்டிப் பாத்தாரு. முந்திருக்குத் தெரியும், ஏணி பிடிச்சவன் அவன். தில்முராத்துக்குத் தெரியும், மாட்டினவனே அவன்தான். இவங்க மூணு பேரும் அதுக்குத் தொப்பி மாட்டமாட்டாங்க. அப்போ யார் மாட்டினது? தொப்பி எந்த ஆணியில தொங்கும்னு தெரிஞ்ச ஒருத்தர். ஆனா காலைல மாத்தினது தெரியாதவர். தீ வைக்கறதுக்கு முன்னால, அலாரம் கத்திடக் கூடாதுன்னு பழைய ஞாபகத்துல மாட்டியிருக்கார்."

ஏணி மேல் நின்ற ஷம்பே கம்பி நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தான்.

"இந்த மஜ்லிஸ்ல ஊரே உக்காந்திருக்கு" என்றார் கல்ஃபான். குரல் இதமாகவே இருந்தது.

"உக்காந்திருக்கு. ஆனா நீங்க கதவை உடைச்சப்ப சைரன் ஆடு மாதிரி கத்திக்கிட்டு இருந்துச்சு. தெருவுக்கே கேட்டுச்சு. தெரு பொய் சொன்னதுக்கு அர்த்தம் இருக்கு, கேட்டும் வராத வெட்கம். நீங்கதான் வந்தீங்களே, கல்ஃபான். உங்களுக்கு என்ன வெட்கம்? அலாரம் அடிக்கலைன்னு முதல்ல நீங்க ஏன் சொன்னீங்க? மாட்டினவன் தலையில போடத்தானே? அவனை அடிச்சே கொல்லாம தடுத்ததும் அதுக்குத்தான். பலியாடு கோர்ட் வரைக்கும் உயிரோட போகணுமே."

கல்ஃபான் சோற்றுப் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். நிமிரும்போதே காலால் ஏணியை எட்டி உதைத்தார்.

ஷம்பே கூரையில் இருந்து தரைக்கு வந்தான். தோள் முதலில் மோதியது, ஏதோ முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. பாய்ந்து வந்த ஸுவைனாவை கல்ஃபான் அதே ஏணியைத் தூக்கி மார்பில் இடித்துத் தள்ளினார். அவள் பின்மண்டை சுவரில் பட்டது. கரிச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தபடி சரிந்து உட்கார்ந்தாள், கண் சொருகியது.

"மரத்தூள்!" என்று மூச்சிரைத்தார் கல்ஃபான். ஷம்பேயின் கருவிப்பையில் இருந்து சுத்தியலை எடுத்தார். "சாம்பிராணியில கொஞ்சம் மரத்தூள் கலந்தேன். யார் கலக்கல? ஹமூத் சந்தை நடுவுல நின்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்னான். என் பேரை நாறடிப்பேன்னான். காப்பியும் ஊத்திக் குடுத்துக்கிட்டே சொன்னான்!"

சுத்தியல் இறங்கியது. ஷம்பே புரண்டான். தலைக்கு வந்தது கழுத்தெலும்பில் இறங்கியது. அவன் போட்ட அலறல் பாதியில் நின்றது, ஏனென்றால் கல்ஃபானின் முழங்கால் மார்பில் ஏறிவிட்டது, கட்டுப் போட்ட கை தொண்டையை அழுத்தியது. மருந்து வாசனையும் அத்தர் வாசனையும் முகத்தில் அடித்தது. கண்ணுக்குள் பொறி பறந்தது. காலை உதறினான், பயனில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தது. நாம் செத்தால் தம்பியும் செத்தான் என்பதும் தெரிந்தது.

உடையாத கை சுவரைத் துழாவியது. கரி, கரி, திண்டின் எரிந்த பஞ்சு. பிறகு முழங்கால் உயரத்தில், உட்கார்ந்த ஆளுக்கும் விழுந்த ஆளுக்கும் எட்டுகிற இடத்தில், வழவழவென்று ஒன்று. அமுக்கினான்.

மாடியில் இருந்து கழுத்தைப் பிடித்த ஆடு மாதிரி சைரன் அலறியது.

கல்ஃபான் ஒரு கணம் திடுக்கிட்டு மேலே பார்த்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார்.

"கத்தட்டும். இந்தத் தெருவுல எவன் வருவான்? சாம்பிராணின்னு நெனச்சு உக்காந்திருப்பாங்க."

அழுத்தம் கூடியது. ஷம்பேயின் காதில் சைரன் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அதற்கும் அப்பால் எங்கேயோ இரும்புக் கதவு சுவரில் மோதியது.

மோஸா டீச்சர்தான் முதலில் வந்தாள். செருப்பு இல்லை, கையில் அடுப்பில் இருந்த வாணலி, எண்ணெய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சுழற்றி கல்ஃபானின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள். அவர் சாய்ந்தார். எழுந்தார். மறுபடி வைத்தாள். அவளுக்குப் பின்னால் தலையில் சோப்பு நுரையோடு ஒருவர், கைத்தடியோடு ஒருவர், கார் கழுவிக்கொண்டிருந்த குழாயை விடாமல் பிடித்தபடி ஒருவர் என்று தெருவே உள்ளே நுழைந்தது. வெள்ளிக்கிழமை வராததற்கும் சேர்த்து வந்தார்கள். தடி முறிகிற வரை அடித்தார்கள். இஸ்திரி கலையாத அங்கி கிழிந்து ரத்தத்தில் தோய்ந்தது. அவர் சுத்தியல் பிடித்த கையை யாரோ மிதித்து உடைத்தார்கள்.

"போதும்! உயிரோட வேணும்!" என்று சுவரைப் பிடித்து எழுந்து கத்தினாள் ஸுவைனா, பின்கழுத்தில் ரத்தம் வழிய. "எனக்கு இவர் பேசணும்!"

இன்ஸ்பெக்டரும் முந்திரும் வந்தபோது கல்ஃபானுக்குப் பேச வாய் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அது எல்லாவற்றையும் பேசியது. ஷம்பே தரையில் கிடந்தபடியே சோற்றுப் பாத்திரத்தைக் காட்டி, "மேடம், அதை யாரும் சாப்பிடாதீங்க. அதுலயும் மரத்தூள் இருக்கும்" என்றான். பிறகு மயங்கிவிட்டான்.

அஸர் பாங்கு சொல்லும்போது அவன் ஆஸ்பத்திரியில், கழுத்தில் தொங்கும் கட்டோடு, தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்றான். தில்முராத்தின் முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. கான்ஸ்டபிள் சாவியைப் போட்டு விலங்கைக் கழற்றினார். வாசலில் முந்திர் உள்ளே வரத் தைரியம் இல்லாமல், மறந்துபோன டிரில்லிங் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

ஷம்பே எத்தனையோ கேலி தயாராக வைத்திருந்தான். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வரவில்லை. தில்முராத் விடுபட்ட கையால் அண்ணனின் விரலைப் பிடித்து இழுத்தான். கம்பி கட்டிய பல்லுக்கு நடுவே, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு, ஒரே ஒரு கேள்வி வந்தது.

"அடிச்சுதா?"

"அடிச்சுதுடா" என்றான் ஷம்பே. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்க மறந்திருந்தான். "ரெண்டு தடவை அடிச்சுது. ரெண்டாவது தடவை வந்தாங்க."